முதல் பார்வையும் இரண்டு பகடையும்

கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் ஊருக்குள் புது ஆள் ஒருவர் நுழைந்தால், மந்தையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முதலில் கேட்பது "எந்தூரு?" என்பதுதான். அடுத்து, "யார் வீட்டுக்கு வந்திருக்கீக?" மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், சுற்றிவளைத்துத் தெரிந்துகொள்வார்கள். அது என்னவென்று என் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் வந்தவருக்குக் கட்டிலா, திண்ணையா, தெருவா என்பது முடிவாகும்.

முன்பின் தெரியாத ஒருவரைக் கண்டதும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை எது தீர்மானிக்கிறது? இந்தக் கேள்விக்கு ஒரு விளையாட்டுப் புத்தகத்தில் ஐந்தே வரியில் பட்டியல் போட்டுப் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் என் பேரன் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது, தன் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தின் விதிநூலைக் கொண்டுவந்திருந்தான். பொழுதுபோகாமல் புரட்டினேன். புரட்டியவன் அதன் பின்கதையைத் தேடிப் போனேன். பிரஷ்யப் படை, பாரிஸ் நகரத்துக் கணித மேதை, உத்திரமேரூர்க் குடம் என்று சுற்றி, கடைசியில் நம் கயத்தாற்றில் வந்து நின்றேன்.

என்ன ஆட்டம் இது?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: ஒருவர் போர்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். "விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் போகிறீர்கள், உள்ளே பேச்சுக்குரல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கதைசொல்லி கேட்பார். ஆடுபவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். அதை வைத்துக் கதை மேலே நகரும். நம்மூர் வில்லுப்பாட்டில் பின்னால் இருந்து "ஆமாம்" போடுபவர் திடீரென்று, "அண்ணே, ராசா அந்தப் பக்கம் போகமாட்டார், இந்தப் பக்கம்தான் போவார்" என்று கதையையே திருப்பிவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி. நான் படித்த பிரெஞ்சு மொழியில் இதை 'ஜெ த ரோல்' என்கிறார்கள், அதாவது பாத்திர விளையாட்டு.

இதன் வேர் படைத்தளத்தில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, நிலப்படத்தின் மேல் சிறு கட்டைகளைப் படைப்பிரிவுகளாக நகர்த்தி ஆடும் போர்ப் பயிற்சி ஆட்டம் ஒன்றை மேலதிகாரிகளிடம் காட்டினார். நடுவில் ஒரு நடுவர் உண்டு. இரு படைகளும் மோதினால் யாருக்கு எவ்வளவு சேதம் என்பதைப் பகடை உருட்டிப் பட்டியலைப் பார்த்துச் சொல்வார். படைத்தலைமை இதை வெறும் விளையாட்டாக நினைக்கவில்லை, போர்க்கல்வியாகவே ஏற்றுக்கொண்டது.

நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் பொழுதுபோக்காக இதே மாதிரிப் போராட்டங்களை ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. படைப்பிரிவுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே ஒரு மனிதனாக ஆடினால் என்ன? 1969இல் டேவிட் வெஸ்லி என்பவர் மின்னசோட்டா மாநிலத்தில் அப்படி ஓர் ஆட்டம் நடத்தினார். அதில் ஆடிய டேவ் ஆர்னசன் அதை வளர்த்தார். அவரும் கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் புத்தகமாகப் போட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிதான். பாதாளக் குகையும் பறவைநாகமும் என்று தமிழில் சொல்லலாம். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள். பெங்களூரில் என் பேரன் உட்பட.

இரண்டு பகடையும் ஐந்து வரியும்

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். குகைக்குள் போகும் கூட்டம் முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தை எதிர்ப்படுகிறது. அந்த அந்நியர்கள் என்ன செய்வார்கள்? கதைசொல்லியே முடிவு செய்யலாம். ஆனால் அவர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறாரோ! தனக்கு வேண்டியவர் ஆடினால் "வாங்க" என்பார், வேண்டாதவர் ஆடினால் "வெட்டு" என்பார். ஆகவே இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 1974 புத்தகத்திலேயே இந்த விதி உண்டு. 1981இல் டாம் மோல்ட்வே என்பவர் தொகுத்த ஆரம்பப் பாடப் பதிப்பில் அது இப்படித் தெளிவாக இருக்கிறது:

2 விழுந்தால்: உடனே தாக்குவார்கள்.
3 முதல் 5 வரை: பகைமை, தாக்கக்கூடும்.
6 முதல் 8 வரை: என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.
9 முதல் 11 வரை: தாக்கமாட்டார்கள்; விலகிப் போவார்கள், அல்லது நாம் சொல்வதைக் கேட்பார்கள்.
12 விழுந்தால்: மனமுவந்த நட்பு.

தாயம் ஆடிய கைகளுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று பிடிபடும். நம் பித்தளைத் தாயக்கட்டையில் ஒவ்வொன்றுக்கும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் முகம். இரண்டு கட்டையையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயம், அதாவது ஒன்று, இரண்டே விதத்தில்தான் விழும். ஆறு ஒரே விதம். பன்னிரண்டும் ஒரே விதம், இரண்டு கட்டையும் வெறும் முகம் காட்டினால் மட்டும். மூன்று மட்டும் நாலு விதமாக விழும். தாயம் விழாமல் காய் இறங்காது என்று விதி வைத்துவிட்டு, அந்தத் தாயத்துக்காக அரைமணி நேரம் உருட்டியபடி உட்கார்ந்திருப்போமே, காரணம் இதுதான். ஓரத்து எண்கள் அரிது. நடு எண்கள் மலிவு.

ஆறுமுகப் பகடை இரண்டுக்கு மொத்தம் 36 விதம். உடனே தாக்குவது 1 விதம். மனமுவந்த நட்பும் 1 விதம். பகைமை 9, இணக்கம் 9. மீதி 16 விதம் முழுக்க நடு வரிக்குப் போகிறது: தெரியவில்லை, யோசிக்கிறேன், நீ யார் சொல்.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்தியது இந்த 16தான். அந்நியரைக் கண்டால் மனிதன் பெரும்பாலும் எதிரியும் அல்ல, நண்பனும் அல்ல, முடிவு செய்யாதவன். அவனிடம் பேச இடம் இருக்கிறது. அந்த இடத்தில் என்ன சொல்கிறோம், என்ன கொடுக்கிறோம், கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறோமா கீழே வைத்துவிட்டுச் சொல்கிறோமா என்பதைப் பொறுத்து மேற்கொண்டு நடக்கும்.

பேசுகிறவரின் முகராசிக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'கவர்ச்சி' என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஓரளவு நன்றாக இருந்தால் பகடைக் கூட்டுத்தொகையோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். மோசமாக இருந்தால் ஒன்று கழிய வேண்டும். ஒன்றுதானே என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36க்கு 10 தடவை நல்லபடியாக முடிவது, ஒன்று கூடினால் 15 ஆகிறது. ஒன்று குறைந்தால் 6 ஆகிறது. வாசலில் நின்று வணக்கம் சொல்லும் விதம் அவ்வளவு வேலை செய்கிறது! ஆனாலும் எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் நிச்சயம் என்பது இல்லை.

இந்தக் கணக்கைத் தொடங்கி வைத்தவர்களைப் பற்றி எங்கள் பள்ளியில் பாடம் உண்டு. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள், ஒரு சூதாட்டப் பிரியரான பிரபு கேட்ட சந்தேகத்திலிருந்து பிறந்தவை. பாதியில் நின்ற ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது கேள்வி. அதிலிருந்து நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது. அதிலிருந்து காப்பீட்டுத் தொழில் தன் கணக்கைக் கற்றது. இதில் ஒரு பொருத்தம்: இந்தப் பாத்திர விளையாட்டை எழுதிய கைகாக்ஸ், அதற்கு முன் சிகாகோவில் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். விண்ணப்பம் போட்ட முகம் தெரியாத மனிதரை ஏற்கலாமா, வேண்டாமா, என்ன கட்டணம் என்று மதிப்பிடும் வேலை. அந்நியரைப் பட்டியல் பார்த்து எடைபோடுவது அவருக்குப் பழகிய தொழில்தான்.

பகடைக்கு வந்த கெட்ட பெயர்

பகடை என்றாலே நமக்கு சகுனி ஞாபகம்தான் வரும். திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி எச்சரித்திருக்கிறார். அந்நியரை வரவேற்பதா வேண்டாமா என்பதைப் பகடையிடம் விடுவது பொறுப்பில்லாத வேலை என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் நம் முன்னோர் நல்ல காரியத்துக்கும் தற்செயலை நம்பியிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். குடத்துக்குள் பெயர் போவதற்கே நிலம், வயது, படிப்பு என்று வேலிகள் பல இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலிக்குள்ளே மட்டும்தான் நடுநிலை. இருந்தாலும் எடுக்கும் கை ஏன் சிறுவனின் கை? அவனுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை. இந்த விளையாட்டில் பகடை செய்வதும் அந்தச் சிறுவனின் வேலையைத்தான்.

இன்னொன்று, விரிச்சி கேட்பது. போருக்கோ பயணத்துக்கோ முன்னால், ஊர்ப்புறத்தில் போய் நின்று, முன்பின் தெரியாத யாரோ எதற்கோ சொல்லும் சொல்லை நற்சொல்லாகக் காதில் வாங்கிக்கொள்வது. முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் இப்படி நின்று கேட்கிறார்கள். ஆயர்மகள் ஒருத்தி கன்றுகளிடம் பேசும் பேச்சு அவர்களுக்கு நல்ல நிமித்தமாகிறது. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையிலும் விரிச்சி உண்டு. இன்றும் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறோம். சிவப்பா வெள்ளையா என்று பொட்டலத்தைப் பிரிக்கும் குழந்தையின் கை, உத்திரமேரூர்ச் சிறுவனின் கைக்குத் தம்பிதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. விரிச்சியிலும் பூவிலும் விழுந்ததே முடிவு. இந்த விளையாட்டுப் பட்டியலில் விழுந்தது தொடக்கம் மட்டுமே. அதன் பின் பேச வேண்டியது நாம்.

ராமநாதபுரத்தில் மூன்று மணி நேரம்

பகடையும் இல்லாமல், பேச இடமும் கொடுக்காமல், பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியூர் போகவேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியே போதும்.

1792இல் ஆற்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அந்த வேலைக்கு ராமநாதபுரத்தில் கலெக்டராக இருந்தவர் காலின் ஜாக்சன். வீரபாண்டிய கட்டபொம்மன் பாக்கி வைத்திருக்கிறார் என்று, தன்னை வந்து பார்க்கும்படி 1798 ஆகஸ்டில் கடிதம் போனது. கட்டபொம்மன் புறப்பட்டார். கலெக்டரோ அதற்குள் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். குற்றாலத்தில் பார்க்கப் போனால், பார்க்க முடியாது என்று பதில். சொக்கம்பட்டியில் முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் முடியாது. ராமநாதபுரத்துக்கே வா என்றார்கள். 23 நாட்கள், சுமார் 400 மைல், ஒரு பாளையக்காரர் தன் ஆட்களோடு ஓர் அதிகாரியின் பின்னாலேயே ஊர் ஊராகப் போயிருக்கிறார். இதைச் செய்தவர் சண்டைக்கு அலைந்தவராகத் தெரியவில்லை. என்னைப் பார், நான் சொல்வதைக் கேள் என்று வந்தவர்.

செப்டம்பரில் ராமநாதபுரம் கோட்டையில் சந்திப்பு நடந்தது. கட்டபொம்மனும் அவர் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளையும் மூன்று மணி நேரம் நின்றபடியே பதில் சொல்ல வேண்டியிருந்தது. கணக்கைப் பார்த்தபோது பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தது 1080 பகோடா. அப்படியும் அவர்களைப் பிடித்து வைக்கும் முயற்சி நடந்தது. கோட்டை வாசலில் கைகலப்பு. லெப்டினன்ட் கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், பிள்ளை பிடிபட்டார்.

1959இல் வந்த திரைப்படத்தால் நம் தலைமுறைக்கு அந்தச் சந்திப்பின் வசனம் மனப்பாடம். பள்ளி ஆண்டுவிழா எதிலும் அதைச் சொல்லாத பையன் கிடையாது. எனக்கு வசனத்தைவிட அந்த மூன்று மணி நேரம் நிற்பதுதான் மனதில் நிற்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அடுத்து நடந்தது. கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்பினார். கம்பெனி அரசு பிரவுன், ஓரம், காசாமேஜர் என்ற மூவரைக் கொண்டு விசாரித்தது. அந்தக் குழு கட்டபொம்மன் மேல் குற்றம் இல்லை என்றது. பிள்ளையை விடுவித்தார்கள். ஜாக்சன் பதவியிழந்தார், அந்த இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். அதாவது, உட்கார வைத்து இரு தரப்பையும் கேட்ட உடனே முடிவு மாறியது. அதே கம்பெனி, அதே கட்டபொம்மன், அதே பாக்கி. கேட்ட விதம் மட்டும் வேறு.

கலெக்டர் நாற்காலி போட்டிருந்தால் கம்பெனிக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போயிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. வரி, அதிகாரம், நிலம் என்று அடிப்படைச் சண்டை இருந்தது. அது எப்படியும் வெடித்திருக்கும். ஆனால் ராமநாதபுரத்து வாசலில் விழுந்த ரத்தத்துக்குப் பிறகு இரு தரப்பும் ஒருவரை ஒருவர் நம்ப வழியில்லாமல் போயிற்று. 1799 செப்டம்பரில் பானர்மன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் புளியமரத்தில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண்முன்னே செய்தார்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் போகும்போதெல்லாம் அந்தச் சிலையைக் கடக்கிறோம்.

கரையில் நின்ற வில்லாளிகள்

பட்டியலின் குறையையும் சொல்ல வேண்டும். பகடைக்கு ஞாபகம் கிடையாது, மனிதருக்கு உண்டு.

அந்த விளையாட்டுப் புத்தகம் வந்த அதே 1974இல், அந்தமானைச் சேர்ந்த வடக்கு சென்டினல் தீவுக்கு ஒரு படப்பிடிப்புக் குழு, மானிடவியலாளர்களோடும் காவலர்களோடும் போனது. கரையில் பரிசுப்பொருள்களை வைத்தார்கள். தீவுவாசிகள் அம்பு விட்டார்கள்; பட இயக்குநரின் தொடையில் ஓர் அம்பு தைத்தது. வைத்த பொருள்களில் பன்றியையும் பொம்மையையும் ஈட்டியால் குத்தி மணலில் புதைத்தார்கள். தேங்காயையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பகையா நட்பா? இரண்டும்தான். 17 ஆண்டுகள் கழித்து, 1991 ஜனவரி 4ஆம் தேதி, மதுமாலா சட்டோபாத்யாய என்ற மானிடவியல் அறிஞர் இருந்த குழு படகிலிருந்து தேங்காய்களை மிதக்கவிட்டபோது, அதே தீவுக்காரர்கள் தண்ணீரில் இறங்கி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களை இயல்பிலேயே கொடியவர்கள் என்று எழுதுபவர்கள் 1880ஐ மறந்துவிடுகிறார்கள். போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். முதியவர் இருவர் நோயில் இறந்தார்கள். நாலு குழந்தைகளைப் பரிசுகளோடு திருப்பி விட்டுவிட்டார். அதற்குப் பிறகு படகைக் கண்டால் அம்பெடுப்பதில் என்ன ஆச்சரியம்? வாசலில் நிற்கும் நமக்கு முன்னால் வேறு யார் யாரோ வந்துபோயிருக்கிறார்கள். அவர்கள் செய்ததன் வட்டியை நாம் கட்டுகிறோம்.

செம்புத் தண்ணீர்

நான் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, வேலை நிமித்தம் எழுபதுகளில் இந்தக் கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்தவன். அந்த நாளில் என் பேச்சில் பாதி இங்குள்ளவர்களுக்குப் புரியாது. அவர்கள் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. "எந்தூரு?" என்றார்கள். சொன்னேன். "ஓ, அங்கே 'தண்ணி'க்குப் பஞ்சமே இல்லையாமே!" என்று ஒருவர் சொல்ல, மந்தை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பாட்டியம்மா வீட்டுக்குள்ளிருந்து செம்பு நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "முதல்ல குடி தம்பி, பெறவு பேசலாம்." உப்புக்கிணறுகள் நடுவே நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் குடம் சுமக்கும் காலம் அது. மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லும் முன்பே அந்தச் செம்பு என் கைக்கு வந்துவிட்டது.

எல்லோருக்கும் அப்படி வந்ததா? இல்லை. இந்த மாவட்டத்துத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு எழுதப்பட்டிருந்தது. பகடையே உருட்டாமல் 'இரண்டு' என்று சொல்லிவிடும் ஆட்டம் அது. மூன்றாவது கேள்வி என்று நான் மேலே சொன்னது இதைத்தான். பகடை சாதி கேட்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அரசு அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தினமும் இதே பரீட்சைதான். மனுவோடு வருபவர் அந்நியர். வேட்டியின் அழுக்கு, கையில் இருக்கும் பை, கூட வந்திருக்கும் ஆள் இவற்றைப் பார்த்து, மனுவைப் படிக்கும் முன்பே நம் முகம் பதில் சொல்லிவிடும். விருந்தினரின் மனம் அனிச்சத்தைவிட மெல்லியது, நம் முகம் கொஞ்சம் மாறினாலே வாடிவிடும் என்று வள்ளுவர் சொன்னது வீட்டு வாசலுக்கு மட்டுமல்ல. எனக்கு மேலே இருந்த ஒரு கண்காணிப்பாளர் தன் மேசைக்கு அருகில் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருந்தார். வருபவர் யாராக இருந்தாலும் "உட்காருங்க" என்ற பிறகுதான் "என்ன விஷயம்?" என்பார். பல சமயம் முடிவில் அவர் சொல்லும் பதில் "விதியில் இடமில்லை" என்பதாகத்தான் இருக்கும். ஆனாலும் மனிதர்கள் அவரிடமிருந்து கோபமில்லாமல் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று கேட்டாலும், உட்கார்ந்து கேட்டார்கள் அல்லவா?

இந்தக் கரிசல் காடே வந்தவர்கள் வாழும் இடம்தான். இடைசெவல் கி. ராஜநாராயணன் 1976இல் எழுதிய 'கோபல்ல கிராமம்' அப்படி வடக்கேயிருந்து வந்து சேர்ந்தவர்களின் கதை. பிற்காலத்தில் அவரே இங்கிருந்து புறப்பட்டு எங்கள் புதுச்சேரியில் போய்க் குடியேறினார். புதுச்சேரிக்காரனான நான் இங்கே தங்கிவிட்டேன். கணக்கு சரியாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த வட்டாரத்துக்குச் சோறு போடும் தீப்பெட்டித் தொழிலும் அப்படித்தான் வந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். மொழி தெரியாத ஊர். அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். கல்கத்தாவில் யாரோ ஒருவர், முன்பின் தெரியாத இந்தத் தெற்கத்தியர்களைக் கண்டதும் கதவைச் சாத்தாமல் இருந்திருக்க வேண்டும்.

இப்போது காற்று திசை மாறி, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பையன்கள் நம் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். பேருந்து நிலையத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் முகவரியைக் காட்டி வழி கேட்கிறார்கள். அவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்னவோ வருகிறது. பார்ப்பதற்கு முன்பே முடிவு எழுதித் தரும் செய்திகள்.

"தாத்தா, இந்தப் பட்டியலை இப்போது பலர் பயன்படுத்துவதில்லை. எதிரே வந்தால் நேராகச் சண்டைதான்" என்றான் பேரன். அவர்கள் ஆடுவது புதுப்பதிப்பு. சண்டை விதிகளுக்கே பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அடுத்த முறை ஆடும்போது பழைய விதியை ஒரு தடவை வைத்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன். போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். குகையில் எதிர்ப்பட்ட கூட்டத்துக்கு ஏழு விழுந்ததாம். வெட்டப்போனவர்கள் கத்தியை இறக்கிவிட்டு அரைமணி நேரம் பேசினார்களாம். கடைசியில் அந்தக் கூட்டம்தான் வெளியே போகும் வழியைக் காட்டியதாம்.